எத்தனை தடவை? எவ்வளவு நேரம்?

'ரொம்ப', 'கொஞ்சம்' என்ற சொற்களை எண்களாக மாற்றுவது ஒரு தனி வித்தை. மைசூருவில் மழலைகளின் காதுகேட்பு முதல் குரங்குகளின் அன்றாடம் வரை இந்த வித்தையை நம்பியே ஆய்வு நடக்கிறது. குறைபாடுள்ள ஒரு குழந்தையின் சிகிச்சையும் சான்றிதழும் பல வேளைகளில் அந்த எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

"ரொம்ப அடம் பிடிக்கிறான்." "எப்பப் பார்த்தாலும் தலையை முட்டிக்கிறா." "இப்பக் கொஞ்சம் பரவாயில்லை." வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தையை உளவியலாளரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோர் பேச ஆரம்பிப்பது பெரும்பாலும் இப்படித்தான். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ரொம்ப என்றால் எத்தனை தடவை? எப்பப் பார்த்தாலும் என்றால் காலையிலா, சாப்பாட்டு வேளையிலா, விருந்தாளி வந்திருக்கும்போதா? பரவாயில்லை என்பது குழந்தையின் முன்னேற்றமா, அல்லது பெற்றோருக்குப் பழகிப்போனதா?

இந்தக் கேள்விகளுக்கான பதிலைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமையும். சிகிச்சையைத் தொடரலாமா, மாற்ற வேண்டுமா, மருந்தின் அளவைக் கூட்ட வேண்டுமா, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்ற முடிவுகள் நினைவை நம்பி எடுக்கப்படும்போது தவறாகிப் போவதற்கு வாய்ப்பு அதிகம். நேற்றைய ஒரு மோசமான மாலைப்பொழுது முந்தைய ஆறு நல்ல நாட்களை மறக்கடித்துவிடும். அதனால்தான் நடத்தைப் பகுப்பாய்வு என்ற துறை, சிகிச்சை என்ன என்று கேட்பதற்கு முன் கணக்கு எங்கே என்று கேட்கிறது.

அளப்பது மைசூருவுக்குப் புதிதல்ல. 1924ல் இங்குள்ள மகாராஜா கல்லூரியில் உளவியலுக்குத் தனித்துறை பிறந்தது. அதை உருவாக்கிய எம்.வி. கோபாலசாமி லண்டனில் சார்லஸ் ஸ்பியர்மனிடம் பயின்று திரும்பியவர். மனிதனின் அறிவாற்றலைப் புள்ளியியலால் அளக்க முயன்ற முன்னோடிகளில் ஸ்பியர்மன் ஒருவர். (இதே கோபாலசாமிதான் 1935ல் தன் வீட்டிலிருந்து ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். 'ஆகாசவாணி' என்ற பெயர் அங்கிருந்து வந்ததே.) 1965ல் மத்திய அரசு அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனத்தை இந்த ஊரில் அமைத்தது. மானசகங்கோத்ரியில் பல்கலைக்கழகத்தை ஒட்டியிருக்கும் இந்த நிறுவனத்துக்குக் கர்நாடகத்திலிருந்து மட்டுமின்றித் தமிழ்நாடு, கேரளத்திலிருந்தும் பெற்றோர் வருகிறார்கள். செவித்திறன், பேச்சு, மருத்துவ உளவியல், சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில்.

காது சொல்லாததைக் கழுத்து சொல்லும்

அந்த நிறுவனம் கற்பிக்கும் செவித்திறன் இயலிலேயே நடத்தை அளவீட்டுக்கு அழகான ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரு வயதுக் குழந்தையிடம் "சத்தம் கேட்கிறதா?" என்று கேட்க முடியாது. எனவே ஒலிபெருக்கியில் ஒரு ஒலியை எழுப்பி, குழந்தை அந்தப் பக்கம் தலையைத் திருப்பினால் அங்கே ஒரு பொம்மையை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறார்கள். ஓரிரு முறைக்குள் 'சத்தம் வந்தால் திரும்பு, பொம்மை தெரியும்' என்று குழந்தை கற்றுக்கொண்டுவிடும். பிறகு ஒலியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய், எந்த அளவுக்குக் கீழே தலை திரும்பவில்லை என்று குறித்துக்கொள்வார்கள். ஏறக்குறைய 6 மாதத்திலிருந்து 2 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு உலகெங்கும் இந்த முறை வழக்கத்தில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குழந்தை சும்மாவும் தலையைத் திருப்பும். பொம்மை ஆசையில் திருப்பும். எனவே நடுநடுவே ஒலியே இல்லாத முயற்சிகளையும் வைத்து, அப்போதும் தலை திரும்புகிறதா என்று பார்க்கிறார்கள். அங்கும் அடிக்கடி திரும்பினால் மற்ற 'ஆம்'களுக்கும் மதிப்பில்லை. அளப்பவர் தன் அளவையே சந்தேகிக்கும் இந்தப் பழக்கம்தான் துறை முழுவதற்கும் முதுகெலும்பு.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு முதலில் காதைப் பரிசோதிப்பதும் இதனால்தான். காது சரியாக இருந்தும் திரும்பவில்லை என்றால் அது ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாக இருக்கலாம். ஒரே நடத்தைக்குப் பின்னால் இரண்டு காரணங்கள், இரண்டு வெவ்வேறு பாதைகள்.

பிணத்தால் முடியுமா?

எண்ணுவதற்கு முன் எதை எண்ணுகிறோம் என்று தெளிவாக வேண்டும். 'கோபக்காரன்' என்பதை எண்ண முடியாது. 'கையை விரித்தோ மூடியோ மற்றொருவர் உடலில் சத்தம் கேட்கும்படி அடிப்பது' என்றால் எண்ணலாம். அந்த வரையறையை அம்மாவிடம் கொடுத்தாலும் ஆசிரியையிடம் கொடுத்தாலும் இருவரும் ஒரே செயலைத்தான் குறிக்க வேண்டும். தட்டிக்கொடுப்பது கணக்கில் உண்டா? ஓங்கிவிட்டு நிறுத்தினால்? தொடர்ந்து மூன்று அடி விழுந்தால் அது ஒன்றா மூன்றா? இவற்றையெல்லாம் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் பென்சிலைக் கையில் எடுக்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ஆக்டன் லிண்ட்ஸ்லி 1960களில் ஒரு குறும்பான சோதனையைச் சொன்னார்: பிணத்தால் செய்ய முடிவது எதுவோ அது நடத்தை அல்ல. 'வகுப்பில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்' என்று இலக்கு வைத்தால் பிணம் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். 'ஆசிரியை கேட்ட கேள்விக்கு வாய்மொழியாகவோ படத்தைக் காட்டியோ பதில் சொல்வது' என்பது உயிருள்ள குழந்தைக்கான இலக்கு. நம் வகுப்பறைகளில் 'நல்ல பிள்ளை' என்பதற்கு இருக்கும் பொருளை நினைத்துப் பார்த்தால் இந்தச் சோதனையின் கூர்மை புரியும்.

எதை அளப்பது என்பதைப் பொறுத்துக் கருவி மாறுகிறது. எளிமையானது எண்ணிக்கை. எவ்வளவு நேரம் கவனித்தோம் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் எண்ணிக்கை ஏமாற்றும். திங்கட்கிழமை 12 தடவை, செவ்வாய்க்கிழமையும் 12 தடவை என்று இருந்தால் மாற்றமில்லை என்று தோன்றும். திங்களன்று கவனித்தது அரை மணி, செவ்வாயன்று ஒரு மணி என்றால் வேகம் பாதியாகக் குறைந்திருக்கிறது.

சில நடத்தைகளுக்கு எண்ணிக்கையே பொருந்தாது. ஒரு குழந்தை முதல் வாரத்தில் நாளுக்கு 5 தடவை அழுது புரள்கிறது, ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நான்காவது வாரத்தில் நாளுக்கு 8 தடவை, ஆனால் ஒவ்வொன்றும் 3 நிமிடம். எண்ணிக்கையைப் பார்த்தால் நிலைமை மோசம். கடிகாரத்தைப் பார்த்தால் 100 நிமிடம் 24 ஆகியிருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் எழுதிய குடும்பம் பலன் தந்துகொண்டிருந்த சிகிச்சையைக் கைவிட்டிருக்கும்.

மூன்றாவது, தாமதம். 'செருப்பைப் போடு' என்று சொன்ன கணத்திலிருந்து போட ஆரம்பிக்கும் வரை எத்தனை விநாடி? நான்காவது, நடத்தை விட்டுச் செல்லும் தடயம். நனைந்த படுக்கை, முடித்த கணக்குகள், கிழிந்த தாள்கள் ஆகியவற்றைப் பக்கத்தில் ஆள் இல்லாமலே பிறகு எண்ணிக்கொள்ளலாம்.

வகுப்பறையில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை ஒரே குழந்தையை நாள் முழுக்கக் கவனிக்க முடியாது. அதற்காக வந்ததுதான் நேரத்தைத் துண்டு போடும் முறை. 10 நிமிடத்தைப் பத்துப் பத்து விநாடியாகப் பிரித்தால் 60 துண்டுகள். ஒரு துண்டில் எப்போதாவது நடத்தை தலைகாட்டினால் அதற்கு ஒரு குறி போடுவது ஒரு வகை. துண்டு முழுவதும் நீடித்தால் மட்டுமே குறி போடுவது இன்னொரு வகை. துண்டு முடியும் கணத்தில் நிமிர்ந்து பார்த்து, அப்போது நடக்கிறதா என்று மட்டும் குறிப்பது மூன்றாவது வகை.

மூன்றும் ஒன்று போலத் தோன்றினாலும் விளைவு தலைகீழாகலாம். ஒரு குழந்தை ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு விநாடி உடலை ஆட்டுகிறது என்றால் உண்மையில் ஆடிய நேரம் 60 விநாடி, அதாவது 10 சதவீதம். முதல் வகையில் எழுதினால் 60 துண்டிலும் குறி விழும்: 100 சதவீதம். இரண்டாம் வகையில் ஒன்றும் விழாது: பூஜ்யம். மூன்றாம் வகை உண்மைக்கு அருகில் வர வாய்ப்புள்ளது. எனவே 'உங்கள் குழந்தை 100 சதவீதம் ஆடுகிறது' என்று ஒருவர் சொன்னால், எந்த முறையில் எழுதியது என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

சிங்கவால் குரங்கும் சின்னக் குழந்தையும்

வால்பாறைக் காடுகளுக்கும் குழந்தைகள் சிகிச்சை அறைக்கும் என்ன தொடர்பு? மைசூரு பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியராக இருந்த மேவா சிங்கும் அவரது மாணவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்குகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆய்வு செய்தவர்கள். தமிழகத்தின் ஆனைமலைப் பகுதியும் அந்த ஆய்வுக் களங்களில் ஒன்று. பெரும்பாலும் மரத்தின் மேலேயே வாழும் ஒரு கூட்டம் என்ன செய்கிறது என்று எப்படி எழுதுவது? கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினால் சண்டையும் கூச்சலும்தான் பக்கத்தை நிரப்பும். அமைதியாகப் பழம் தின்னும் குரங்கு கணக்கில் வராமலே போய்விடும்.

இந்தச் சிக்கலை 1974ல் ஜீன் ஆல்ட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கட்டுரையில் அலசினார். குறித்த இடைவெளியில் கூட்டம் முழுவதையும் ஒரு பார்வை பார்த்து, அந்தக் கணத்தில் ஒவ்வொரு விலங்கும் என்ன செய்கிறது என்று எழுதுவது ஒரு முறை. ஒரே விலங்கைத் தேர்ந்து குறித்த நேரம் அதை மட்டும் தொடர்வது இன்னொன்று. விலங்கு ஆய்வாளர்களுக்கு அந்தக் கட்டுரை பாலபாடமாகிவிட்டது. கணத்தில் நிமிர்ந்து பார்க்கும் வகுப்பாசிரியையின் முறையும் குரங்குக் கூட்டத்தைப் பார்வையால் துழாவும் முறையும் சகோதரிகள். அடங்கி இருப்பது கண்ணில் படாது, ஆர்ப்பாட்டம் மட்டுமே படும் என்ற பலவீனம் காட்டிலும் வகுப்பிலும் ஒன்றுதான்.

திக்குவாயை அளப்பதில் வேறொரு பாடம். நூறு அசைகளைப் பேசும்போது எத்தனை அசையில் திக்கல் வருகிறது என்று எண்ணிச் சதவீதம் காண்பது உலக வழக்கம். க்ளிண்டன் ரைலி என்பவர் அமைத்து 1972ல் வெளிவந்த அளவுகோல் எண்ணிக்கையோடு நிற்காமல், மிக நீண்ட மூன்று திக்கல்களின் கால அளவையும், முகம் கோணுவது, கையை உதறுவது போன்ற உடல் அசைவுகளையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. அசைக்குப் பதிலாகச் சொற்களை எண்ணினால் நம் மொழிகளில் கணக்கு கோணலாகும். 'போய்க்கொண்டிருந்தேன்' என்பது தமிழில் ஒரே சொல், அசையோ ஐந்து. அதில் ஒரு இடத்தில் திக்கினால் சொல் கணக்கில் முழுச்சொல்லும் திக்கியதாகிவிடும். ஆங்கிலத்தில் அதே கருத்து மூன்று சிறு சொற்களாகச் சிதறிவிடும். ஒட்டி ஒட்டி நீளும் தமிழுக்கும் கன்னடத்துக்கும் கடன் வாங்கிய அளவுகோல் அப்படியே பொருந்தாது.

இந்தியாவுக்கென்று ஒரு பட்டியல்

இந்தத் தேவையை உணர்ந்து உருவானவற்றில் முக்கியமானது 1992ல் செகந்திராபாத் தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் வெளியிட்ட நடத்தை மதிப்பீட்டு அளவுகோல். (1984ல் தொடங்கிய அந்த நிறுவனம் இப்போது அறிவுசார் குறைபாடுடையோர் ஆற்றல்மேம்பாட்டு நிறுவனம் என்று பெயர் மாறியிருக்கிறது.) உருவாக்கியவர்கள் ரீட்டா பேஷாவாரியா, எஸ். வெங்கடேசன். வெங்கடேசன் பின்னாளில் மைசூரு பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் மருத்துவ உளவியல் பேராசிரியரானார்.

அளவுகோலின் முதல் பகுதியில் 7 பிரிவுகள், பிரிவுக்கு 40 வீதம் 280 திறன்கள். குழந்தை தானே செய்தால் 5. சைகை காட்டினால் செய்தால் 4. வாயால் சொல்லித் தூண்டினால் 3. கையைப் பிடித்து உதவினால் 2. முற்றிலும் பிறரைச் சார்ந்திருந்தால் 1. பொருந்தாது என்றால் 0. இரண்டாம் பகுதியில் 10 தலைப்புகளில் 75 சிக்கலான நடத்தைகள். அடிப்பது, தன்னைத் தானே காயப்படுத்துவது, காரணமில்லாத பயம் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி என்று 0, 1, 2.

முதல் பகுதியின் அருமை, 'தெரியும், தெரியாது' என்ற இரண்டே பெட்டிகளில் குழந்தையை அடைக்காததில் இருக்கிறது. மூன்று மாதம் முன்பு கையைப் பிடித்துச் சட்டை போட்டுவிட வேண்டியிருந்த பையன் இன்று சொன்னால் போட்டுக்கொள்கிறான் என்றால் 2 என்பது 3 ஆகியிருக்கிறது. பக்கத்து வீட்டாருக்கு இன்னமும் 'அவனுக்குச் சட்டை போடத் தெரியாது' என்றுதான் படும். அம்மாவின் கையிலுள்ள தாளுக்கு மட்டும் அந்த ஒரு படி தெரியும்.

எண்ணுவது சரி, ஏன் நடக்கிறது? அதற்கு மூன்று பத்திப் பதிவு: நடத்தைக்குச் சற்று முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, உடனே பின்னால் என்ன கிடைத்தது. சிட்னி பிஜோவும் அவரது சகாக்களும் 1968ல் இதை முறைப்படுத்தி எழுதினார்கள். கணக்கு நோட்டு வெளியே வந்தால் கையைக் கடித்துக்கொள்ளும் சிறுவனை ஆசிரியை வகுப்புக்கு வெளியே அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியையின் கணக்கில் அது தண்டனை. மூன்று பத்திகளிலும் பத்து நாள் எழுதிப் பார்த்தால், கடித்தால் கணக்கிலிருந்து தப்பலாம் என்று பள்ளியே அவனுக்குக் கற்றுக்கொடுத்திருப்பது தெரியும். கணக்கு அவனுக்குக் கடினமாக இருப்பதும், 'உதவி வேண்டும்' என்று சொல்ல அவனுக்கு வழியில்லாததும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

வரைபடம் சொன்ன செவிலியர் கதை

பதிவின் வலிமையை மருத்துவமனைகளுக்கு உணர்த்திய ஆய்வு 1959ல் வெளிவந்தது. கனடாவின் சஸ்காட்சுவானில் ஒரு மனநல மருத்துவமனை. நோயாளிப் பெண் ஒருவர் செவிலியர் அறைக்குள் ஓயாமல் நுழைந்துகொண்டே இருந்தார். டியோடோரோ அய்லான், ஜாக் மைக்கேல் இருவரும் முதலில் எதையும் மாற்றாமல் செவிலியரை எண்ண மட்டும் சொன்னார்கள். நாளுக்குச் சராசரி 16 முறை. ஒவ்வொரு முறையும் அவரைத் திட்டியோ கையைப் பிடித்தோ வெளியே கொண்டுபோய் விட்டார்கள்; அந்தக் கவனிப்புக்காகவே அவர் வருகிறார் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நுழைந்தாலும் கண்டுகொள்ளாதிருக்கச் செவிலியருக்குச் சொல்லப்பட்டது. ஏழாவது வார முடிவில் நாளுக்கு 2 முறை.

இதில் முதல் படியைத்தான் நம் ஊரில் பெரும்பாலும் தாண்டிவிடுகிறோம். எதையும் மாற்றாமல் சில நாள் எண்ணி அடிக்கோடு போட்டுக்கொள்ளாவிட்டால், பிறகு வந்த மாற்றம் சிகிச்சையாலா, பருவத்தாலா, பள்ளி விடுமுறையாலா என்று சொல்ல வழியில்லை. இன்னொன்றும் உண்டு. அடம் பிடித்தால் கிடைத்துவந்த கவனிப்பை நிறுத்தியதும் பல குழந்தைகளிடம் அடம் முதலில் குறையாது, ஏறும். மூன்றாம் நாள் 'இது வேலைக்காகாது' என்று பெற்றோர் விட்டுக்கொடுத்தால் குழந்தை கற்பது, இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்பதை. நாள்தோறும் புள்ளி வைத்த வரைபடம் இருந்தால் அந்த ஏற்றம் எதிர்பார்த்ததே என்று தெரியும், இறங்குமுகமும் கண்ணுக்குப் படும். தலையை முட்டிக்கொள்வது போன்ற ஆபத்தான நடத்தையில் வீட்டில் இந்தச் சோதனை கூடாது. அங்கே நிபுணரின் நேரடிக் கண்காணிப்பு கட்டாயம்.

எழுதுபவர் மனிதர் என்பதால் பதிவும் வழுக்கும். இன்றைக்கு 'அடி' என்று குறித்ததை அடுத்த மாதம் 'விளையாட்டு' என்று விட்டுவிடலாம். சிகிச்சை பலிக்க வேண்டும் என்ற ஆசையே கண்ணை மறைக்கலாம். அதற்கு மருந்து, இரண்டு பேர் தனித்தனியே ஒரே நேரத்தில் எழுதி ஒப்பிடுவது. ஒருவர் 18, மற்றவர் 20 என்றால் ஒப்புமை 90 சதவீதம். 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வரையறையைத் திருத்தி மறுபடி பழக வேண்டும் என்பது துறையின் பொது வழக்கம். மொத்தம் ஒத்துப்போவது மட்டும் போதாது. ஒருவர் காலையில் நடந்த பத்தையும் மற்றவர் மாலையில் நடந்த பத்தையும் எழுதியிருந்தாலும் கூட்டுத்தொகை ஒன்றாகிவிடும். அதனால்தான் துண்டு துண்டாக ஒப்பிடச் சொல்கிறார்கள்.

எண்ணில் அடங்காதது

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்டாக வேண்டும். இந்தத் துறையின் கடந்த காலம் களங்கமில்லாதது அல்ல. ஆட்டிசம் சிகிச்சையில் புகழ்பெற்ற ஐவர் லோவாஸ் 1960களில் குழந்தைகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்து நடத்தையை அடக்கியதும் பதிவுகளில் இருக்கிறது. அவரது 1987ஆம் ஆண்டு ஆய்வில் வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்றக் குழந்தைகளுக்கு இணையான பள்ளிப் படிப்பையும் நுண்ணறிவு மதிப்பெண்ணையும் எட்டினர் என்ற முடிவு உலகெங்கும் பெற்றோருக்கு நம்பிக்கை தந்தது. குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்ற விமர்சனமும் அதைத் தொடர்ந்தே வருகிறது. '40 மணி நேரம்' என்ற எண் மட்டும் ஆய்விலிருந்து பிரிந்து விளம்பரப் பலகைகளுக்குப் போய்விட்டது.

ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களான பலர் இன்று எழுப்பும் கேள்வி இன்னும் ஆழமானது. கையை ஆட்டுவதையும் கண்ணைப் பார்க்காததையும் எண்ணிக் குறைத்தீர்கள், அது யாருக்குத் தொந்தரவாக இருந்தது? இரைச்சலில் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளக் கையை ஆட்டும் குழந்தையிடம் அதை நிறுத்தினால் வரைபடம் அழகாக இறங்கும். குழந்தைக்கு என்ன ஆனது என்று அந்தத் தாள் சொல்லாது. கீழ்ப்படிதலை எண்ணும் தாளில் குழந்தை 'வேண்டாம்' என்று சொன்ன தடவைகளுக்கும் ஒரு பத்தி இருக்கிறதா என்று அவர்கள் கேட்கிறார்கள். துறைக்குள்ளேயே பலர் இப்போது குழந்தையின் சம்மதத்தையும், சிரிப்பையும், விலகிப்போவதையும் அளக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நடத்தையை மாற்றுவதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது. வேறாக இருப்பது மட்டுமே குற்றமாகும்போதுதான் வம்பு.

அளவீட்டின் இன்னொரு முகம் அரசு அலுவலகத்தில் காத்திருக்கிறது. 2009ல் செகந்திராபாத் நிறுவனம் ஆட்டிசத்துக்கென்று உருவாக்கிய இந்திய அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அரிதாக என்றால் 20 சதவீத நேரம் வரை, எப்போதாவது என்றால் 21 முதல் 40 வரை, எப்போதும் என்றால் 81 முதல் 100 வரை என்று அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லை வகுத்திருக்கிறார்கள். கூட்டுத்தொகை 70ஐ எட்டினால் ஆட்டிசம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் 21 குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்தது. இட ஒதுக்கீடு உள்ளிட்ட பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்பு உண்டு. எனவே பெற்றோர் 'சில சமயம்' என்று அடக்கமாகச் சொல்வதும் 'அடிக்கடி' என்று சொல்வதும் ஒரு சான்றிதழின் தலையெழுத்தை மாற்றிவிடலாம். வீட்டில் இரண்டு வாரம் எழுதிய குறிப்பேடு கையில் இருந்தால் இரண்டுக்கும் இடையில் தடுமாற வேண்டியதில்லை.

யாரை நம்பிக் குழந்தையை ஒப்படைப்பது என்பதும் எளிதான கேள்வி அல்ல. அமெரிக்காவின் நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்பு வாரியம் 2023 முதல் இந்தியாவிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. மருத்துவ உளவியலாளர், சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரை 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமம் பதிவு செய்கிறது. நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற பெயர் 2021ஆம் ஆண்டின் சுகாதாரத் துணைத் தொழில்கள் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. எந்தப் பட்டம் சுவரில் தொங்கினாலும், பெற்றோர் கேட்டு வாங்கக்கூடிய சான்று ஒன்று உண்டு: குழந்தையின் தாள். இலக்கு என்ன சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது? சிகிச்சைக்கு முந்தைய நாட்களின் கணக்கு இருக்கிறதா? எப்போதாவது இரண்டாவது ஆள் எழுதிச் சரிபார்த்தாரா? கோடு நாலு வாரமாக அசையவில்லை என்றால் திட்டத்தில் எதை மாற்றினார்கள்? பதிவு செய்யாத மையத்தால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

வீட்டில் தொடங்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரே ஒரு நடத்தை, நாளில் ஒரே ஒரு மணி நேரம் போதும். கை வேலையாக இருக்கும்போது பென்சிலைத் தேட முடியாதவர்கள் இடுப்பில் ஒரு பக்கம் புளியங்கொட்டைகளை முடிந்துகொண்டு, ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றை மறுபக்கம் மாற்றலாம். இரவில் எண்ணித் தேதியோடு எழுதினால் சரி. குறைக்க வேண்டியதை மட்டும் எண்ணாமல், கூட வேண்டிய ஒன்றையும், தானாக விளையாட வந்த தடவைகளையோ, தண்ணீர் வேண்டும் என்று காட்டிய தடவைகளையோ சேர்த்து எண்ணுவது நல்லது. பார்க்க ஆரம்பித்த முதல் சில நாட்களில் பார்க்கிறார்கள் என்பதாலேயே நடத்தை மாறலாம் என்பதால் அந்த நாட்களை அதிகம் நம்பக் கூடாது. கைபேசியில் படம் பிடிப்பது உதவும். ஆனால் குழந்தை அழுது புரளும் காட்சி சிகிச்சையாளரைத் தாண்டி உறவினர் குழுக்களுக்குப் போகக் கூடாது. அந்தப் படத்தின் சொந்தக்காரர் நாளை வளர்ந்து பெரியவராகப் போகிறவர்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தாளில் பெரும்பாலும் இரண்டு விஷயம் தெரியவரும். நினைத்த அளவு மோசமில்லாத சில நாட்கள் இருந்திருக்கின்றன. மோசமான நாட்களுக்கு, தூக்கமின்மையோ, பசியோ, வீட்டுக்கு வந்த கூட்டமோ, ஏதோ ஒரு முன்கதை இருந்திருக்கிறது. சிகிச்சையாளரின் வேலை அங்கிருந்து தொடங்கும்.